டேபிள் எங்கேயும் போகவில்லை, தங்கச்சி!

"அக்கா, நேற்று உருவாக்கிய டேபிளைக் காணோம்!" போஸ்ட்கிரஸ் பழகுகிறவர்கள் இப்படிப் பதறினால், நான் முதலில் கேட்பது, "எந்த ஸ்கீமாவில் போட்டாய்?" என்பதுதான். இதோ சில டிப்ஸ்:

* பிஎஸ்க்யூஎல்லில் வெறுமனே '\டிடி' அடித்தால் எல்லா டேபிளும் வராது. ஸ்கீமா பெயர் சொல்லாமலே எடுக்கக்கூடியவை மட்டும்தான் வரும். அதைத் தீர்மானிப்பது சர்ச் பாத். 'ஷோ சர்ச்_பாத்;' அடித்துப் பார். யாரும் மாற்றாமல் இருந்தால், முதலில் உன் யூசர் பெயரில் உள்ள ஸ்கீமா, அடுத்து பப்ளிக்.

* என்னென்ன ஸ்கீமா இருக்கிறது என்று '\டிஎன்' சொல்லும். சேல்ஸ் ஸ்கீமாவில் உள்ளவை வேண்டுமா? '\டிடி சேல்ஸ்.*' அடி. புள்ளியும் ஸ்டாரும் முக்கியம். அவற்றை விட்டுவிட்டால், சேல்ஸ் என்ற பெயரில் டேபிள் இருக்கிறதா என்றுதான் தேடும்.

* '\டிடி *.*' எல்லாவற்றையும் கொட்டும். சிஸ்டம் டேபிள்களும் சேர்ந்து வருவதால் உன்னுடையதைத் தேடிக் கண் வலிக்கும். அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்.

* கவனமாக இருக்கவேண்டிய இடம் இது. பப்ளிக்கிலும் ஆர்க்கைவிலும் ஆர்டர்ஸ் என்று ஆளுக்கொரு டேபிள். சர்ச் பாத்தில் இரண்டு ஸ்கீமாவும் உண்டு, பப்ளிக் முன்னால். அப்போது '\டிடி' பப்ளிக்கில் உள்ளதை மட்டுமே காட்டும். இது கோளாறு இல்லை. வெறும் பெயரைச் சொன்னால் எது கைக்கு வருமோ, அதைத்தான் காட்டுகிறது. '\டிடி *.ஆர்டர்ஸ்' என்று கேள், இரண்டும் வரும். ஒரே வகுப்பில் இரண்டு செல்வி இருந்தால் இனிஷியலோடு கூப்பிடுவதில்லையா? அதுபோலத்தான்.

* 'செட் சர்ச்_பாத்' போட்டு வரிசையை மாற்றினால் அந்த கனெக்‌ஷன் முடியும்வரைதான் நிற்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் 'ஆல்டர் ரோல்' மூலம் மாற்று. அடுத்த லாகினிலிருந்து அமலுக்கு வரும். புதிதாக உருவாக்கும் டேபிள், அந்த வரிசையில் உண்மையிலேயே இருக்கும் முதல் ஸ்கீமாவில்தான் போய் உட்காரும்.

* மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறினால் ஒன்றை நினைவில் வை: அங்கே ஸ்கீமாவும் டேட்டாபேஸும் ஒன்றுதான். 'ஷோ டேபிள்ஸ்' நீ 'யூஸ்' போட்ட டேட்டாபேஸை மட்டும் காட்டும்.

பார்ப்பதற்கு வெறும் பெயர் போதும். டெலீட், டிராப் எழுதும்போது மட்டும் சோம்பல் படாமல் ஸ்கீமா பெயரையும் சேர்த்து எழுதிவிடு.