குறைமாதக் குழந்தைக்கு ரத்தசோகை: ஹார்மோன் ஊசி போதுமா?



குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் குழந்தைக்கு "ரத்தம் ஏத்தணும்" என்று டாக்டர் சொன்னால் வீடே பதறிப்போகிறது. "ரத்தம் வேண்டாம், ஊசி போட்டுச் சரி பண்ணிடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. அந்த ஊசி எது, எவ்வளவு உதவும் என்று இந்த மாதம் தெரிந்துகொள்வோம்.

ரத்தம் ஏன் குறைகிறது?

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் தாயிடமிருந்து குழந்தைக்கு அதிக இரும்புச்சத்து சேருகிறது. முன்னாடியே பிறந்துவிட்டால், பாதியில் நின்றுபோன சேமிப்புக் கணக்கு போல ஆகிவிடுகிறது.

எலும்பு மஜ்ஜையை ரத்தச் சிவப்பணு உண்டாக்கச் சொல்வது எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன். குறைமாதக் குழந்தையின் உடம்பில் இது போதுமான அளவு சுரப்பதில்லை.

ஒரு கிலோ குழந்தைக்கு உடம்பில் மொத்தமே சுமார் 90 மில்லி ரத்தம்தான். பரிசோதனைக்கு அடிக்கடி எடுப்பதாலும் அது குறைகிறது. இதற்குத் தாயைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

ஊசி என்ன செய்யும்?

இதே ஹார்மோனைச் செயற்கையாகத் தயாரித்து ஊசியாகப் போடுகிறார்கள். கூடவே இரும்புச்சத்தும் தர வேண்டும். ரத்தம் ஏற்றும் தேவையை இது ஓரளவு குறைக்கிறது. ஆனால் பலன் தெரிய நாளாகும். அதற்குள் பல குழந்தைகளுக்கு ரத்தம் தேவைப்பட்டுவிடுகிறது.

இந்த ஊசி மூளையையும் காக்குமா என்று அமெரிக்காவில் 941 குழந்தைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். 2020-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு வயதில் பார்த்தபோது பலன் தெரியவில்லை. அதனால் எல்லாக் குழந்தைக்கும் இதை வழக்கமாகப் போடுவதில்லை. ரத்தம் அவசரம் என்று டாக்டர் சொன்னால், ஊசியை நம்பித் தள்ளிப்போடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

* குழந்தை நன்றாக மூச்சு விட்டால், தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்து வெட்டுவது நல்லது. நஞ்சுக்கொடியில் உள்ள ரத்தம் குழந்தைக்கு வந்து சேரும். இதைப் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடமோ நர்ஸ் அம்மாவிடமோ கேட்டு வையுங்கள்.
* டாக்டர் எடை பார்த்து எழுதித் தரும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை நடுவில் நிறுத்தாதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் பயம் வேண்டாம்.
* தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். பசும்பால் வேண்டாம்.
* குழந்தை வெளுத்துப்போனாலோ, பால் குடிக்கும்போது களைத்துப்போனாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, எடை ஏறாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.
* 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைக்கு ரத்தமும் மருந்தும் இலவசம். இதற்காக யாரும் வட்டிக்கு வாங்க வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் ஊரில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் யார் யார்? அவர்களுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காகக் கொடுக்கிறார்களா?
2. ரத்தம் ஏற்றப் பயப்படும் குடும்பத்துக்கு நாம் என்ன சொல்வோம்?