கூடுதல் வேலைக்குப் பணம் உண்டா? கட்டட ஒப்பந்தத்தில் வணிகர்கள் அறிய வேண்டியவை



ஒரு மூட்டை எடை குறைந்தாலும் கேட்கிற நாம், குடோன் கட்டும்போது பல லட்ச ரூபாய் வேலையை வாய்வார்த்தையில் ஒப்படைத்து விடுகிறோம். பாதி வேலையில், "அப்படியே பின்பக்கம் ஒரு ஷெட்டும் போட்டு விடுங்கள்" என்கிறோம். கடைசியில் ஷெட்டுக்குத் தனி பில் வந்தால், "ஒப்பந்தத்தில் இல்லாததற்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்று தகராறு செய்கிறோம். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1944-ஆம் ஆண்டு வாக்கில் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில், சிவில் சப்ளைஸ் இலாகா அதிகாரிகள் கேட்டதன்பேரில் பி.கே. மண்டல் அண்டு சன்ஸ் என்ற நிறுவனம் சரக்குக் கொட்டகைகளும், சமையலறையும், குமாஸ்தாக்களுக்கு அறையும் கட்டிக் கொடுத்தது. இலாகா அவற்றை ஏற்றுக்கொண்டது. ஆனால் பில் தொகை சுமார் 19 ஆயிரம் ரூபாயைத் தர அரசு மறுத்தது. முறைப்படி எழுதிய ஒப்பந்தம் இல்லை என்பதே காரணம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒப்பந்தம் செல்லாது, ஆனாலும் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 1961-இல் தீர்ப்பானது.

இதற்கு ஆதாரம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு. ஒருவர் சட்டத்துக்கு உட்பட்டு ஒரு வேலையைச் செய்கிறார், அல்லது பொருளைக் கொடுக்கிறார். இலவசமாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை. பலனை மற்றவர் அனுபவிக்கிறார். இந்த மூன்றும் இருந்தால் ஈடு தர வேண்டும், அல்லது பொருளைத் திருப்பித் தர வேண்டும்.

கேட்காமலே கட்டிவிட்டுப் பணம் கேட்கலாமா? முடியாது. ஏற்கவோ மறுக்கவோ நமக்கு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு கூறுகிறது. ஆகவே வேண்டாத வேலை என்றால் அப்போதே மறுத்துவிட வேண்டும். பேசாமல் இருந்து, ஷெட்டில் மூட்டையும் அடுக்கிய பிறகு மறுப்பது கடினம்.

இந்தப் பிரிவு எல்லாவற்றுக்கும் உதவாது. ராணுவத்துக்கு நெய் கொள்முதல் செய்து கொடுத்த அலோபி பர்ஷாத் நிறுவனம், யுத்த காலத்தில் செலவு ஏறிவிட்டதென்று ஒப்பந்தத்துக்கு மேல் கேட்டது. ஒப்பந்தத்தில் தொகை பேசியிருக்கும்போது, விலை ஏறியது என்பதற்காக மட்டும் அதிகம் கேட்க முடியாது என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. காண்டிராக்டருக்கும், அவருக்குச் சிமெண்டும் கம்பியும் சப்ளை செய்யும் நமக்கும் இது பொருந்தும்.

எனவே நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. கூடுதல் வேலை எதுவானாலும், அளவு, ரேட், தேதி மூன்றையும் கார்பன் வைத்து எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பிறகுதான் வேலை தொடங்க வேண்டும்.

2. சிமெண்ட், கம்பி விலை ஏறினால் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

3. முடிக்க வேண்டிய தேதியைக் குறித்து, அந்தக் காலக்கெடு ஒப்பந்தத்தின் முக்கிய அம்சம் என்றும் எழுத வேண்டும். தீபாவளிக்கு முன் திறக்க வேண்டிய கடை பொங்கலுக்குத்தான் கைக்கு வருகிறது என்றால், நஷ்டஈடு கேட்கப்போவதாகச் சாவி வாங்கும்போதே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் பெற்றுக்கொண்டால் 55-ஆவது பிரிவின்படி அந்த உரிமை போய்விடும்.

4. வேலைக்கூலி பாக்கியானாலும் சரக்கு பாக்கியானாலும் வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுகளே கெடு. கெடு முடியும் முன் பாக்கிதாரரிடம் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்து வாங்கினால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். வருடக் கணக்கு முடிக்கும்போதே பாக்கிப் பட்டியலில் கையெழுத்து வாங்குவதை வழக்கமாக்கிக்கொள்வோம்.

தொகை பெரிதானால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டுவோம்.