முட்டியில் கை ஊன்றி எழுகிறீர்களா? முழங்கால் சொல்லும் பாடம்

ரேஷன் கடையிலோ தாலுகா அலுவலக பெஞ்சிலோ கவனித்திருப்பீர்கள். பெயரைக் கூப்பிட்டதும் பெரியவர்கள் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, "அப்பாடா" என்று எழுவார்கள். என் அம்மாச்சியும் அப்படித்தான். வலிக்குதென்று முதலில் மாடிப்படியை விட்டார், அப்புறம் கடைக்குப் போவதை விட்டார். "நடந்தா இன்னும் தேய்ஞ்சிடும்" என்று நாங்களும் உட்கார வைத்தோம். கடைசியில் கட்டிலை விட்டு எழவே ஆள் தேவைப்பட்டது. நாங்கள் செய்தது தப்பு. ஏன்?

முட்டிக்குள் என்ன இருக்கு?

மேலே தொடை எலும்பு, கீழே கீழ்க்கால் எலும்பு, முன்னால் வட்டமான முழங்கால் சில்லு. எலும்பு நுனிகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். நடுவில் மசகு எண்ணெய் போல மூட்டுத் திரவம்.

எலும்பு தானாக அசையாது, தசைதான் இழுக்கணும். தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் தொடையின் முன்பக்கத் தசை காலை நீட்டுகிறது, பின்பக்கத் தசை மடக்குகிறது. கிணற்றுக் கயிற்றுக்கு ராட்டினம் போல, முன்பக்கத் தசையின் இழுப்புக்கு உதவுவது முழங்கால் சில்லு.

ஒரு சின்ன சோதனை

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். பாதம் முட்டிக்கு நேர் கீழே இருக்கட்டும். முன்னால் சாயாமல், கையும் ஊன்றாமல் எழுந்து பாருங்கள். முடியாது! உடலின் எடை மையம் பாதத்துக்கு மேலே வந்தால்தான் எழ முடியும். எனவே பாதத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, முன்னால் சாய்ந்து எழுங்கள். உயரமான நாற்காலி என்றால் முட்டி குறைவாக மடங்கும், சுமையும் குறையும்.

ஓய்வு ஏன் உதவாது?

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசைந்து அழுந்தி விரியும்போதுதான் திரவத்திலிருந்து அதற்குச் சத்து போகும். அசையாமல் இருந்தால் தொடைத் தசையும் மெலியும். தாங்க வேண்டிய தசை பலம் இழந்தால் பாரம் மூட்டின் மேல் விழும், வலி கூடும். வலிக்குப் பயந்து இன்னும் உட்கார்ந்தால் தசை இன்னும் மெலியும்.

வீட்டிலேயே செய்யலாம்

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டுங்கள். 5 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. இறக்கும்போது "தொப்"பென்று விடாதீர்கள். மெதுவாக இறக்குவதும் தசைக்கு வேலைதான். வலி அதிகமானால் நிறுத்திவிடுங்கள்.

முட்டி திடீரென வீங்கினாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ, விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டாலோ பயிற்சி வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

யாரைக் கேட்பது?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் சேவையும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். சுகாதார ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

அம்மாச்சிக்கு வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்போது தானாக எழுகிறார், தெருமுனை வரை நடக்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள், எழுந்து நடக்கக் கை கொடுங்கள்.