நூல் பந்தும் ராக்கெட் உறையும்

கிறிஸ்துமஸ் குடிலை அலங்கரிக்க நாங்கள் ஆண்டுதோறும் நூல் பந்து செய்வோம். பலூனை ஊதி, பசையில் தோய்த்த நூலை அதன்மேல் சுற்றிக் காய வைப்போம். பிறகு பலூனை ஊசியால் உடைத்து வெளியே எடுத்தால், நூல் மட்டும் பந்தாக நிற்கும். சென்ற முறை அவசரத்தில் நூலை ஒரே திசையில் சுற்றிவிட்டோம். பலூன் உடைந்ததும் பந்தும் சரிந்துவிட்டது. "குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டாமா, பிள்ளைகளே?" என்றார் கைவேலை கற்பிக்கும் சிஸ்டர். ராக்கெட் மோட்டாரின் உறையும் ஏறக்குறைய இப்படித்தான் செய்யப்படுகிறது என்று பின்னர் படித்தபோது வியந்துபோனோம்.

திட எரிபொருள் அடைக்கப்பட்ட உருளையே மோட்டார் உறை. எரியும்போது உண்டாகும் வாயுவின் பேரழுத்தத்தை அது தாங்க வேண்டும். எடையும் குறைவாக இருக்க வேண்டும். உச்சி அடுக்கின் உறையில் ஒரு கிலோ குறைந்தால், செயற்கைக்கோளில் ஒரு கிலோ கூட்டலாம். எஃகு நீரைவிட ஏறக்குறைய 7.8 மடங்கு அடர்த்தியானது. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளோ ஏறக்குறைய 2 மடங்குதான்.

பலூனுக்குப் பதிலாக இங்கே ஓர் அச்சு இருக்கும். வெப்பத்தைத் தடுக்கும் ரப்பரை முதலில் அதன்மேல் போர்த்துவார்கள். பிறகு அச்சு சுழல, எபாக்சி பிசினில் நனைந்த இழை அதன்மேல் இறுக்கமாகச் சுற்றப்படும். சில அடுக்குகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாய்வாகச் செல்லும். சில வளையல்போல் சுற்றிவரும்.

இரண்டும் எதற்கு? அழுத்தம் நிறைந்த உருளையின் சுவரில், சுற்றுவாட்டில் ஏற்படும் இழுவிசை நீளவாட்டில் ஏற்படுவதைப்போல் இரு மடங்கு. செம்பரம்பாக்கத்து வயல்களில் நீர் பாய்ச்சும் குழாய் அழுத்தம் மிகுந்து வெடித்தால், நீளவாட்டில் பிளப்பது இதனால்தான். எந்தத் திசையில் எவ்வளவு பலம் வேண்டுமோ, அந்தத் திசையில் அவ்வளவு இழை சுற்றலாம் என்பதே இம்முறையின் சிறப்பு.

சுற்றி முடித்ததும் உறையைச் சூடேற்றிப் பிசினை இறுகச் செய்வார்கள். பின்னர் அச்சைப் பிரித்தோ, மணல் அச்சானால் நீரில் கரைத்தோ வெளியே எடுப்பார்கள். நம் நூல் பந்தில் இடைவெளி அழகு. இங்கே சிறு காற்றுக்குமிழிகூட ஆபத்தாகலாம். ஆகவே கேளா ஒலி அலைகளால் சோதித்து, நீரை அழுத்தி நிரப்பியும் பார்ப்பார்கள்.

கேரளத்தின் தும்பாவில் மீனவ மக்கள் வழிபட்டுவந்த புனித மரிய மதலேனாள் ஆலயமே நம் நாட்டு ராக்கெட் நிலையத்தின் முதல் அலுவலகமாயிற்று. அங்கிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று பறந்தது. இழை சுற்றும் நாட்டின் முதல் இயந்திரத்தை அங்கே இந்திரா காந்தி தொடங்கிவைத்ததாக டாக்டர் அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் கீழ் இரண்டு அடுக்குகள் எஃகு உறையும், மேல் இரண்டு அடுக்குகள் இழை உறையும் கொண்டவை. 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் முயற்சி தோற்றது. 1980 ஜூலை 18 அன்று, சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, 35 கிலோ எடையுள்ள ரோகிணி விண்ணை அடைந்தது.

எடை குறைந்தால் விண்ணில் மட்டுமா நன்மை? ஐதராபாத் மருத்துவமனையில் மூன்று கிலோ உலோகக் கருவியைக் காலில் மாட்டி இழுத்து நடந்த சிறுவர் சிறுமியருக்கு, ஏவுகணை ஆய்வில் கண்ட இலேசான பொருளறிவைக் கொண்டு 300 கிராமில் கருவி செய்து கொடுத்ததைக் கலாம் பல மேடைகளில் கூறியிருக்கிறார். அதைக் கண்டு பெற்றோர் கண்ணீர் வடித்தார்களாம்.

தோழியரே, கைவேலை வகுப்பைச் சிறிதாக எண்ண வேண்டாம். இவ்வாண்டு நாம் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகவே சுற்றுவோம். ஏன் என்றும் அறிந்து சுற்றுவோம்.