குப்பி விளக்கு சரிந்தால்

மாம்புரிக்கு மின்சாரம் வந்துவிட்டதே, இனியும் குப்பி விளக்கைப் பற்றிப் படிக்க வேண்டுமா என்று கேட்கலாம். 2022 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் 31 இல் 13 மணி நேர மின்வெட்டு. ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் நமக்குப் பக்கத்தில் இருந்தென்ன, மூலையில் கிடந்த குப்பிகள் மறுபடியும் வெளியே வந்தன.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரையில் கிடுகுக் கொட்டில் போட்டவர்களுக்கு இந்த விளக்கைச் சொல்லித்தரத் தேவையில்லை. மருந்துப் போத்தல், தகர மூடியில் ஒரு துளை, பழந்துணித் திரி. மணல் தரையில் பாய்க்கு அருகே வைப்போம். பிள்ளையின் கால் பட்டால் போத்தல் சரியும். திருகாத மூடி கழன்று விழும், எண்ணெய் கொட்டும், திரியில் இருந்த நெருப்பு எண்ணெயோடு சேர்ந்து ஓடும். தீமை செய்வது சுடர் அல்ல, பாத்திரத்தை விட்டு வெளியேறும் எண்ணெயே.

இதை நன்கு விளங்கிக்கொண்டவர் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. எரிகாயத்தோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர், விளக்கையே மாற்ற வேண்டும் என்று கண்டார். குட்டையான மார்மைட் போத்தல் எளிதில் சரியாததைக் கவனித்து, தடித்த கண்ணாடியில் ஒரு விளக்கை உருவாக்கினார். விழுந்தாலும் உருளாதபடி இரு பக்கம் தட்டை. எண்ணெய் கொட்டாதபடி திருகு மூடி. இம்முயற்சிக்கு 1998 இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவ்விளக்கு கிடைக்காதவர்கள் குட்டையான, தடித்த, உலோகத் திருகு மூடியுள்ள போத்தலையாவது தெரிவு செய்யுங்கள். திரிக்குழாய் மூடியில் ஆடாமல் இறுகியிருக்க வேண்டும். மணல் நிரப்பிய தகரத் தட்டில், கிடுகுக்கும் நுளம்பு வலைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். படுக்குமுன் அணைத்துவிடுங்கள்.

தோட்டம் செய்வோருக்கு இன்னொரு ஆபத்து உண்டு. மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பெற்றோல் விட்டுத்தான் இயக்குகிறோம். இரண்டும் ஒரே மூலையில், சில வீடுகளில் ஒரே புனலில். மண்ணெண்ணெய் சுமார் 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெற்றோலோ கடுங்குளிரிலும் விடும். சிறிதளவு கலந்தாலே விளக்கு வெடிக்கக்கூடும். கான்களை வேறு நிறத்தில் வைத்திருங்கள், புனலும் வேறாகட்டும். பெற்றோல் வீட்டுக்குள் வரவே வேண்டாம். குடிக்கும் சோடாப் போத்தலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள்.

குளிர்நாடுகளில் எதனோல் ஊற்றி எரிக்கும் கணப்படுப்புகள் உள்ளன. எதனோல் சுமார் 13 பாகையிலேயே தீப்பற்றும் ஆவி விடும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதும் அரிது. அணைந்தது என்று எண்ணி மேலும் ஊற்றும்போது நெருப்பு கானுக்கே பாய்கிறது. பணக்கார வீடாயினும் கொட்டிலாயினும் தவறு ஒன்றுதான். எரிகிற விளக்கில், சூடு ஆறாத விளக்கில் எண்ணெய் ஊற்றக் கூடாது. பகலிலேயே நிரப்பி, வழிந்ததைத் துடைத்து, கானை மூடி அப்பால் வைத்த பிறகே தீக்குச்சியைத் தொடுங்கள்.

எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் அது பரவும்; மணலைக் கொட்டுங்கள், இங்கே அதற்குப் பஞ்சமில்லை. உடுப்பில் தீப்பிடித்தால் ஓட விடாதீர்கள். தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள், தடித்த பருத்திப் போர்வையால் மூடுங்கள். நைலோன் உடை உருகித் தோலில் ஒட்டும், ஒட்டியதைப் பிய்க்க வேண்டாம். வளையல், மோதிரத்தை உடனே கழற்றிவிட்டு, காயத்தின் மேல் சுத்தமான கிணற்று நீரை 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், முட்டை எதுவும் பூச வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவையின் எண் 1990. நம்மில் பலருக்கு மறக்க முடியாத ஆண்டும் அதுவே. பிள்ளைகளுக்கும் அந்த எண்ணைச் சொல்லி வையுங்கள்.