வெளுத்த கார் பிளாஸ்டிக்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டிக்கியில் சூட்கேஸை இழுத்து ஏற்றும் விளிம்பு, ஏறி இறங்கும்போது செருப்பு உரசும் கதவடிப் பட்டை, கதவில் ஸ்பீக்கரை ஒட்டிக் கால் படும் இடம். காரின் உள்பக்கக் கறுப்புப் பிளாஸ்டிக் பெரும்பாலும் முதலில் வெளுப்பது இங்கெல்லாம்தான். வெளுத்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றில் பல, இருப்பதையும் கெடுப்பவை.

நம்பிக்கை: மேல்பூச்சு போய்விட்டது, அதனால்தான் வெள்ளை தெரிகிறது.

இந்தப் பாகங்கள் பெரும்பாலானவற்றுக்குப் பூச்சே கிடையாது. பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கில் நிறத்தைக் கலந்துதான் அச்சில் வார்க்கிறார்கள். வெட்டிப் பார்த்தாலும் உள்ளே அதே கறுப்புதான். மேலே தெரியும் பொடிப்பொடியான சொரசொரப்பும் அச்சிலிருந்து வந்ததே. உரசல் விழும்போது அந்த நுண்மேடுகள் நசுங்கிக் கிழிகின்றன. கிழிந்த இடம் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. போனது நிறம் அல்ல, மேற்பரப்பின் வடிவம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். வெளுத்த இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள். நனைந்திருக்கும்வரை மறைந்து, காய்ந்ததும் கோடு திரும்பி வந்தால் அது சிராய்ப்பு. நகம் பட்டதும் உதிர்ந்தாலோ துணியில் ஒட்டி வந்தாலோ, அது செருப்பு ரப்பரோ சூட்கேஸின் சாயமோ படிந்த கறை. அதற்குக் கார் ஷாம்பு கலந்த தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். எந்தச் செலவுக்கும் முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

நம்பிக்கை: டூத்பேஸ்ட் தேய்த்தால் கீறல் போகும்.

டூத்பேஸ்டில் இருப்பது மெருகேற்றும் தூள். வழவழப்பான ஹெட்லைட்டில் அதற்கு ஓரளவு வேலை உண்டு. சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் மிச்சமிருக்கும் மேடுகளையும் அது மழுக்கி, பளபளப்பான திட்டு ஒன்றை விட்டுப்போகும். பள்ளங்களில் பேஸ்ட் காய்ந்து புதிதாக வெள்ளையும் சேரும். உப்புத்தாளும் அப்படித்தான்.

நம்பிக்கை: தேங்காய் எண்ணெய் தடவினால் புதிதாகிவிடும்.

தண்ணீர் கொஞ்ச நேரம் செய்ததை எண்ணெய் கொஞ்ச நாள் செய்கிறது, அவ்வளவுதான். அதற்குள் தூசியும் அப்பிக்கொள்ளும். கடையில் விற்கும் சிலிகான் பாலிஷும் சிராய்ப்பை மறைக்குமே தவிர ஆற்றாது. அதை டேஷ்போர்டில் பளபளக்கத் தடவினால் வெயிலில் முன்கண்ணாடியில் பிம்பம் விழுந்து சாலை சரியாகத் தெரியாது. ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் தடவவே கூடாது, வழுக்கும்.

நம்பிக்கை: தின்னரோ நெயில் பாலிஷ் ரிமூவரோ எந்தக் கறையையும் எடுத்துவிடும்.

ரிமூவரில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டோனைப் பாலிப்ரொப்பிலீன் தாங்கும். ஏ.பி.எஸ். என்னும் இன்னொரு வகைப் பிளாஸ்டிக் அதில் கரைந்தே போகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பாகத்தைக் கழற்றினால் பின்பக்கம் வகையின் பெயர் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். பார்க்க முடியாவிட்டால் தின்னர் பக்கமே போகாதீர்கள்.

நம்பிக்கை: ஹீட் கன் எல்லாச் சிராய்ப்பையும் போக்கும்.

இதில் பாதி உண்மை. மேலோட்டமான வெளுப்பில் சூடு பட்டதும் கிழிந்த நுனிகள் இளகிப் படிந்து, கறுப்பு கண்ணெதிரே திரும்பும். ஆனால் பாலிப்ரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும்; ஹீட் கன்னோ 500 டிகிரியையும் தொடும். ஒரே இடத்தில் சற்று நின்றாலும் சொரசொரப்பு உருகி வழவழவென்றாகிவிடும். அதை மீட்க வழியில்லை. பாகத்தைக் கழற்றி, தள்ளிப் பிடித்து, கையை நகர்த்திக்கொண்டே, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் முதலில் செய்து பாருங்கள். ஆழமான கீறலுக்கு இது உதவாது.

நம்பிக்கை: ஸ்பிரே பெயின்ட் அடித்தால் முடிந்தது.

பாலிப்ரொப்பிலீனில் பெயின்ட் எளிதில் ஒட்டாது. அதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் அடித்தால் நகம் பட்டாலே உரியும். முன்பு சிலிகான் பாலிஷ் பூசிய இடமென்றால் பிரைமரும் பிடிக்காது. ஆழமாகக் கீறிய கதவடிப் பட்டையைப் பொறுத்தவரை மாற்றுவதே சரி. பல கார்களில் அது கிளிப்பில்தான் நிற்கிறது, தனியாகவும் கிடைக்கும்.

எந்த வைத்தியமானாலும் ஏர்பேக் என்று பொறித்த இடத்தில் வேண்டாம். ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி, பயணி முன்னாலிருக்கும் டேஷ்போர்டு, பக்கவாட்டுத் தூண்களின் உறை ஆகியவற்றில் அந்த எழுத்தைத் தேடிப் பாருங்கள். விபத்தில் அந்த மூடி குறித்த கோட்டில் பிளந்து வழிவிட வேண்டும். அங்கே சூடு, பெயின்ட், பசை எதுவும் படக்கூடாது, ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.