கால் வைக்க இயலாத இடத்தை அளப்பது எப்படி?

ஊர்ப் பொது நிலத்தை அளக்கச் சர்வேயர் வரும் நாளில் வேலை தடைப்படுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். எல்லைக் கல் இருக்கவேண்டிய இடம் சீமைக்கருவேல் புதருக்குள் இருக்கும்; அல்லது ஏரி நீரில் மூழ்கியிருக்கும்; அல்லது ஒருவர் வீட்டுச் சுவரின் மூலையாக இருக்கும். "அங்கே போக முடியாது, உத்தேசமாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று யாரேனும் சொல்வர். அந்த உத்தேசத்திலிருந்துதான் பிற்காலத்து வழக்குகள் முளைக்கின்றன. ஆதலால், அத்தகைய இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக இடங்காணும் கருவியைக் கொண்டு சரியாக அளக்கும் முறையைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

இவ்வகை வேலை செங்கற்பட்டுச் சீமைக்குப் புதிதன்று. பிற்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த பரங்கிமலைக்கு அருகே, 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். ஒரு கோட்டின் நீளமும், அதன் இரு முனைகளிலிருந்தும் ஒரு குன்றைப் பார்க்கும் கோணங்களும் தெரிந்தால், குன்றின்மேல் ஏறாமலே அதன் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். குன்றே இல்லாத தஞ்சைச் சமவெளியில் அவர் பட்ட பாடு பெரிது. 1808இல் அரை டன் எடையுள்ள தமது கோணமானியைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றியபோது கயிறு அறுந்து கருவி சேதமுற்றது. இன்றைய கருவியை ஒருவர் கையில் எடுத்துச் செல்லலாம். எனினும் அடிப்படைக் கணக்கு அன்றைய முக்கோணக் கணக்கே.

கருவி வேலை செய்யும் விதம் இது. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் அலைகளைக் கருவி வாங்கி, நான்கு கோள்களுக்குக் குறையாமல் தொலைவு கணக்கிட்டுத் தன் இடத்தை அறிகிறது. கைப்பேசியில் இக்கணக்கு சில மீட்டர் பிசகும். சர்வே வேலைக்கு இரண்டு கருவிகள் தேவை. ஒன்று, இடம் முன்பே அறியப்பட்ட புள்ளியில் அசையாது நிற்கும். மற்றொன்று வயலில் நடக்கும். நிற்கும் கருவி அனுப்பும் திருத்தத்தால் பிழை இரண்டு மூன்று சென்டிமீட்டராகக் குறைகிறது. திரையில் 'ஃபிக்ஸ்டு' என்று வந்த பின்னரே அளவைப் பதிய வேண்டும். 'ஃப்ளோட்' என்று இருக்கும்போது பதிந்த எண்ணை நம்பலாகாது.

இக்கருவிக்குத் திறந்த வானம் வேண்டும். பனந்தோப்பிலும் புதரிலும் அலை மறைபடுகிறது. மாமல்லபுரத்துப் பாறைகளை ஒட்டியோ உயர்ந்த சுவரை ஒட்டியோ நின்றால், அலை கல்லில் மோதித் திரும்பி வந்து கருவியை ஏமாற்றும். அப்போது கருவியைப் புதருக்குள் திணிப்பதில் பயனில்லை. வெளியே நிறுத்தி, உள்ளே இருப்பதைக் கணக்கிட வேண்டும்.

ஓர் உதாரணம் காண்போம். புதருக்குள் ஒரு கல் தெரிகிறது. திறந்த வெளியில் 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகள் அடித்து, அவற்றின் இடங்களைக் கருவியால் பதிவு செய்கிறோம். முதல் முளையிலிருந்து கல்லுக்கு நாடா பிடித்தால் 18 மீட்டர். இரண்டாவதிலிருந்து 24 மீட்டர். இவ்விரு தொலைவுகளும் சேருமிடம் கோட்டின் இருபுறத்திலும் ஒவ்வொன்று உண்டு. கல் எப்பக்கம் என்பதைக் குறிப்பில் எழுதாவிட்டால் கணக்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டிவிடும். இனிச் சோதனை. இரண்டு முளைகளுக்கும் நட்டநடுவிலிருந்து கல்லுக்கு அளந்தால் சரியாக 15 மீட்டர் வரவேண்டும். 15.60 வந்தால், நாடா எங்கோ முள்ளில் வளைந்திருக்கிறது அல்லது ஒருவர் தவறாகப் படித்திருக்கிறார். இந்த மூன்றாவது அளவை எடுக்காமல் சர்வே குழு புறப்பட்டால், எடுக்கும்படி கேட்பது பஞ்சாயத்தாரின் உரிமை என்றே கருதுகிறோம்.

சுவர் மூலைக்கு வேறொரு வழி உண்டு. சுவரின் நேர்கோட்டிலேயே வெளியே இரண்டு இடங்களைப் பதிந்து, கோட்டை மூலைவரை நீட்டலாம். ஆனால் அவ்விரு இடங்களுக்கும் இடைவெளி 2 மீட்டரும், அங்கிருந்து மூலைக்கு 20 மீட்டரும் இருந்தால், 2 சென்டிமீட்டர் பிழை மூலையில் 22 சென்டிமீட்டராக வளர்ந்துவிடும். இடைவெளியை அகலமாக வைப்பதே பரிகாரம். கம்பத்தைச் சாய்த்துப் பிடித்தால்கூடப் பிழை நேரும்: 2 மீட்டர் கம்பம் 5 பாகை சாய்ந்தால் நுனி 17 சென்டிமீட்டர் விலகுகிறது. சாய்வைத் தானே கணித்துத் திருத்தும் கருவிகள் இப்போது வந்துள்ளன. சுவர் மூலைகளுக்கு அவை மிக உதவுகின்றன.

நீருக்குள் செயற்கைக்கோள் அலை செல்லாது. 2002இல் தேசிய கடலியல் நிறுவனத்தார் மாமல்லபுரத்துக்கு அப்பால், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கட்டட எச்சங்களைக் கண்டனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரை மணலை அரித்துச் சில பாறைச் சிற்பங்களை வெளிப்படுத்தியபின், 2005இல் தொல்லியல் துறையும் கடற்படையும் இணைந்து கடலடியை ஆராய்ந்தன. இத்தகைய கடலடிக் கல்லின் இடத்தைக் குறிக்க எளிய வழி, கல்லிலிருந்து மிதவைக்குக் கயிறு கட்டி, மிதவையைப் படகிலிருந்து அளப்பதே. நீரோட்டம் கயிற்றைச் சாய்க்குமாதலால் கயிற்றை விறைப்பாக இழுத்துப் பலமுறை அளக்க வேண்டும். கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றுக்கு நேராக ஒன்று வைத்து மீன்கிடங்கை அறியும் நம் மீனவரும், சுவர் மூலைக்குச் சொன்ன நேர்கோட்டு முறையையே கையாளுகின்றனர்.

ஏரி மதகின் அடிமட்டம் போன்ற உயரங்களில் ஒரு வியப்பு உண்டு. மாமல்லபுரக் கரையில் கருவியை வைத்தால், அது பூஜ்யத்துக்கு 80 மீட்டருக்கும் மேல் கீழே இருப்பதாகக் காட்டும்! கருவி பழுதன்று. கோள்களின் கணக்கு பூமியை வழவழப்பான ஓர் உருண்டையாகக் கொள்கிறது. நம் பகுதியில் கடல்மட்டம் அதற்குக் கீழே தாழ்ந்திருக்கிறது. வாய்க்கால் வெட்டுவோர் இந்த எண்ணை அப்படியே கொள்ளாமல், அரசின் மட்டக்கல்லோடு இணைத்துத் திருத்திய உயரத்தையே கேட்டு வாங்க வேண்டும்.

கருவி இடத்தைக் காட்டுமேயன்றி உரிமையைக் காட்டாது. எல்லை எது என்பதைப் புலப்படமும், 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி நடப்பட்ட கற்களுமே தீர்மானிக்கின்றன. அக்கற்களைப் பேணும் பொறுப்பு நிலத்தாருக்கு உண்டு.

ஏரிக்குள் உள்ள கல்லை ஒருமுறை கண்டுபிடித்தபின், கரையில் வானம் திறந்த இரண்டு இடங்களில் சாட்சிக் கற்களை நடும்படி நில அளவைத் துறையினரைக் கேட்டுக்கொள்ளலாம். அவற்றிலிருந்து கல்லுக்குள்ள தொலைவும், எப்பக்கம் என்பதும் வரைபடத்துடன் பஞ்சாயத்துப் பதிவேட்டில் இருக்குமானால், அடுத்த முறை நாடா ஒன்றே போதும். இதைக் கோடையில், நீர் வற்றிய மாதங்களில் செய்துகொள்க. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தை கழியும்வரை ஏரிக்குள் கல் தேடுவது இயலாது.